வளர்ப்பு நாயின் மனநிலை மாறினால்: மதுரை வெயிலையும் திருவிழாவையும் கணக்கில் எடுத்த முழு வழிகாட்டி

"நாய் ரெண்டு நாளா சரியில்ல" என்று கால்நடை மருத்துவரிடம் போய் நின்றால், அவர் முதலில் கேட்பது "சரியா இருந்தப்ப எப்படி இருக்கும்?" என்றுதான். எவ்வளவு தண்ணீர் குடிக்கும், சோற்றை எத்தனை நிமிடத்தில் முடிக்கும், மத்தியானம் எங்கே படுக்கும் என்பதெல்லாம் பலருக்குச் சொல்லத் தெரியாது. மனநிலை மாறிவிட்டது என்பது வழக்கத்திலிருந்து விலகிவிட்டது என்பதுதான். ஆகவே வழக்கத்தைத் தெரிந்துகொள்வதிலிருந்து தொடங்குவோம்.

1. வழக்கத்தை எழுதி வையுங்கள்

நாய் நன்றாக இருக்கும் ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கமே போதும்.

தண்ணீர்: காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மிச்சத்தை அளந்து கழியுங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மி.லி. என்பது பொதுவான அளவு. 10 கிலோ நாய் அரை லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். கஞ்சி, தயிர் சாதம் சாப்பிடும் நாய் குறைவாகக் குடிக்கும், சித்திரை வைகாசியில் எல்லா நாயும் கூடுதலாகக் குடிக்கும். ஆனால் கிலோவுக்கு 100 மி.லி.யைத் தாண்டி நாள்கணக்கில் குடித்தால் வெயில் மேல் பழி போடாதீர்கள். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, கருப்பைச் சீழ் எல்லாம் இந்த வழியாகத்தான் முதலில் தலைகாட்டும்.

மூச்சு: நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்றாக எண்ணுங்கள். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30-க்குள் இருக்க வேண்டும். கனவு கண்டு கால் உதறும்போது எண்ணினால் கணக்குத் தப்பும்.

இவற்றோடு: சோற்றை முடிக்கும் வேகம், படுக்கும் இடங்கள், வாசலில் ஆள் வந்தால் எழுந்து போகிறதா படுத்தபடியே குரைக்கிறதா, சும்மா நிற்கும்போது வால் எந்த உயரத்தில் இருக்கிறது, எந்த இடத்தைத் தொட்டால் பிடிக்காது. கடைசி இரண்டையும் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. பின்னால் அதிகம் உதவுவதும் அவைதான்.

2. உடம்பை முழுதாகப் படியுங்கள்

வாலை மட்டும் பார்த்து "ஆட்டுது, சந்தோஷமா இருக்கு" என்று முடிவு கட்டிக் கடி வாங்கியவர்கள் நிறைய. ஆடும் வால் அந்த நாய் கிளர்ச்சியில் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். அது நல்ல கிளர்ச்சியா கெட்ட கிளர்ச்சியா என்பதை மற்ற உறுப்புகள் சொல்ல வேண்டும்.

2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் நாய்களின் வாலாட்டலைப் படம்பிடித்து அளந்தார்கள். வளர்ப்பவரைக் கண்டபோது வால் நாயின் வலப்பக்கம் கூடுதலாகச் சாய்ந்தது. முன்பின் தெரியாத முரட்டு நாயைக் கண்டபோது இடப்பக்கம் சாய்ந்தது. சுவையான செய்திதான், ஆனால் நடுவீட்டில் நின்று வெறுங்கண்ணால் இதைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். அதற்குக் கேமராவும் கோணமும் வேண்டும்.

நீங்கள் பார்க்க வேண்டிய வரிசை இது. முதலில் உடல் எடை எங்கே விழுகிறது என்று பாருங்கள்: முன்கால் மேலா, பின்கால் மேலா? பின்னால் சாய்ந்திருந்தால் விலகப் பார்க்கிறது. அடுத்து விறைப்பு. தளர்ந்த நாயின் முதுகு நடக்கும்போது வளையும், பதட்டமான நாய் மரக்கட்டையாக நிற்கும். பிறகு வாய். லேசாகத் திறந்து நாக்கு தளர்ந்திருந்தால் நிம்மதி. சட்டென்று மூடிக்கொண்டால் எதையோ கவனித்துவிட்டது. எதிரே சாப்பாடு இல்லாமல் மூக்கை நக்கிக்கொள்வதும், தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவதும் சங்கடத்தின் அடையாளங்கள். தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் உங்கள் பக்கம் உருட்டி, வெள்ளை விழி பிறை போலத் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். காதும் வாலும் கடைசியில்தான், ஏனென்றால் அவை இனத்துக்கு இனம் மாறும். சிப்பிப்பாறை, கன்னி இரண்டுக்கும் சும்மா இருக்கும்போதே வால் கீழே தொங்கும், அதைப் பயம் என்று நினைக்கக் கூடாது. பொமரேனியனுக்கு முதுகின் மேல் சுருண்டிருக்கும் வால் தொங்கினால்தான் செய்தி. பக் நாயின் முகத்தில் மடிப்பைத் தவிர வேறெதையும் படிப்பது கஷ்டம், மூச்சைக் கேளுங்கள்.

நாய் எடுத்த எடுப்பில் கடிப்பதில்லை. முகத்தைத் திருப்பும், உடம்பைத் திருப்பும், எழுந்து போகும், போக இடமில்லையென்றால் ஒடுங்கும், பிறகு விறைத்து உற்றுப் பார்க்கும், உறுமும், பல்லைக் காட்டும், காற்றில் கடிக்கும். அதற்குப் பிறகே பல் பதியும். "எங்களையே உறுமுதா" என்று உறுமலுக்கு அடி கொடுத்தால் பயம் போகாது, எச்சரிக்கை மட்டும் போகும். அப்படி வளர்ந்த நாய்தான் அடுத்த முறை "ஒண்ணுமே காட்டாம திடீர்னு கடிச்சிருச்சு" என்ற பெயர் வாங்கும். உறுமினால் அசையாமல் நில்லுங்கள், பக்கவாட்டில் திரும்பி மெல்ல விலகுங்கள். எதற்காக உறுமியது என்று பிறகு யோசிக்கலாம்.

இன்னொன்று, செருப்பைக் கடித்துவிட்டுத் தலை குனிந்து நிற்கும் "குற்ற உணர்ச்சி". அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தின்பண்டத்தைத் திருடாத நாய்களும் திட்டு வாங்கியபோது அதே முகத்தைக் காட்டின. அது உங்கள் குரலுக்கும் நிற்கும் தோரணைக்கும் வரும் பதில். ஒரு மணி நேரத்துக்கு முன் கடித்த செருப்பை மூக்கில் தேய்த்தால் நாய் கற்றுக்கொள்வது, நீங்கள் வீட்டுக்குள் வரும் நேரம் ஆபத்தானது என்பதை மட்டும்தான்.

3. குணத்தைச் சந்தேகிக்கும் முன் உடம்பைச் சந்தேகியுங்கள்

நான்கு வயதுக்கு மேல், எந்தக் காரணமும் கண்ணில் படாமல், சில நாள்களுக்குள் மாறிய குணம் என்றால் வலியோ நோயோ இருப்பதாகவே எடுத்துக்கொண்டு தேடுங்கள். தேடிப் பார்த்து இல்லையென்றால் நஷ்டம் ஒன்றுமில்லை. பத்து நிமிடச் சோதனை இது. நாய் அமைதியாக இருந்து, தொட விட்டால் மட்டும் செய்யுங்கள்.

ஈறு: உதட்டைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெளுத்து, 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளிறியிருந்தாலும், மஞ்சளாகவோ நீலமாகவோ இருந்தாலும் அன்றே மருத்துவர். கறுப்பு ஈறு உள்ள நாய்களுக்குக் கீழிமையின் உட்புறத்தில் நிறம் பாருங்கள்.

காய்ச்சல்: மூக்கு காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. நாய்க்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, முனையில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் 2 செ.மீ. அளவு மெதுவாகச் செருகுங்கள். இன்னொருவர் தலைப்பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும். 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் இயல்பு. மனிதக் கணக்கில் பார்த்துப் பதற வேண்டாம். 104-க்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

உண்ணி: காது மடலின் உட்புறம், கழுத்துப் பட்டைக்கு அடி, கால்விரல் இடுக்கு, அக்குள், வாலின் அடி. மதுரைப் பக்கம் உண்ணிக்கு ஆண்டு முழுவதும் சீசன்தான். சுறுசுறுப்பான நாய் சுணங்கிப் படுத்து, சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பினால், உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபேசியா காய்ச்சல்களை நினைக்க வேண்டும். மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி, காப்பி நிறச் சிறுநீர் வந்தால் நோய் முற்றியிருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் பிடித்துவிடலாம், மருந்தும் உண்டு. உண்ணியைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், விரலால் நசுக்காதீர்கள். மண்ணெண்ணெய் தேய்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். தோல் வெந்துபோகும், நக்கினால் வயிற்றுக்கும் போகும்.

தொடு சோதனை: தலையிலிருந்து வால் வரை, பிறகு ஒவ்வொரு காலாக, உள்ளங்கையால் மெதுவாகத் தடவி வாருங்கள். கத்த வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். திடீரென்று அசையாமல் நிற்பது, உங்கள் கையைத் திரும்பிப் பார்ப்பது, மூக்கை நக்குவது போதும். காதைத் தொட்டால் தலையை இழுத்துக்கொண்டு, உள்ளே நாற்றமும் இருந்தால் காதுப் புண். ஒரு பக்கமாகவே மென்றால் பல். படியேறத் தயங்கும் லாப்ரடாருக்கு இடுப்பு. "வயசாச்சு, சோம்பேறியாயிருச்சு" என்று விடப்படும் நாய்களில் பலவற்றுக்கு மூட்டு வலி இருக்கும். சிகிச்சை தொடங்கியதும் குணம் மாறுவதைப் பார்த்து வீட்டாரே ஆச்சரியப்படுவார்கள்.

ஐப்பசி கார்த்திகை மழையில், தேங்கிய நீரில் இறங்கிய நாயோ எலி நடமாட்டமுள்ள வீட்டு நாயோ சோர்ந்து வாந்தியெடுத்தால் எலிக்காய்ச்சலையும் மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள். அது மனிதருக்கும் தொற்றும், சிறுநீரைக் கையுறை இல்லாமல் துடைக்காதீர்கள்.

நேரம் பார்க்காமல் ஓட வேண்டியவை: வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்து, நிலைகொள்ளாமல் நடப்பது (நெஞ்சு ஆழமான பெரிய நாய்களில் இரைப்பை முறுக்கிக்கொள்ளும், சில மணி நேரத்தில் உயிர் போகும்), வலிப்பு, சிறுநீர் வராமல் முக்குவது, எலி மருந்தைத் தின்றிருக்கலாம் என்ற சந்தேகம்.

எதுவாக இருந்தாலும் வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளைப் பாதியாக உடைத்துக்கூடக் கொடுக்காதீர்கள். கல்லீரல், இரைப்பை, சிறுநீரகம் என்று வரிசையாக அடிவாங்கும்.

4. உடம்பு நன்றாக இருந்தால்: நேரமும் பருவமும்

எரிச்சலோ சோர்வோ எந்த மணிக்கு வருகிறது என்று ஒரு வாரம் குறியுங்கள். காலை 11 முதல் மாலை 5 வரை மட்டும் என்றால் பதில் வெயிலில் இருக்கிறது. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் நாயைக் கட்டுவது மதுரையில் சகஜம். ஏப்ரல், மே மாதங்களில் வெளியே 40 டிகிரி செல்சியஸ் அடிக்கும்போது அந்தக் கூரைக்கடியில் இன்னும் கூடும். நாய்க்கு வியர்த்து ஆறும் உடம்பு இல்லை, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தள்ள வேண்டும். மூச்சிரைக்கும்போது நாக்கு அகலமாகி நுனி மேலே வளைந்து, எச்சில் கெட்டியாகி, கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தால் வெப்பத் தாக்கு தொடங்கிவிட்டது. உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி மின்விசிறியின் முன் வையுங்கள். மேல்தொட்டிக் குழாயை அப்படியே திறந்துவிடாதீர்கள். மே மாத மத்தியானத்தில் அது கொதிநீர். சம்ப்பிலிருந்தோ குடத்திலிருந்தோ எடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விடுவது சூட்டை உள்ளேயே நிறுத்தும். குளிர்வித்துக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். உடம்புச் சூடு 103.5 டிகிரி பாரன்ஹீட்டுக்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள்.

நடைக்குக் காலை 7-க்கு முன்பும் இருட்டிய பிறகும் போங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் 7 விநாடி வைக்க முடியவில்லையென்றால் நாயின் பாதமும் தாங்காது.

அடுத்தது சத்தம். மதுரையில் இதற்கு ஒரு நாட்காட்டியே போடலாம். தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என ஜல்லிக்கட்டு, சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை தொடங்கி அழகர் ஆற்றில் இறங்கும் வரை தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் இரவு பகல் தெரியாது, ஆடியில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் ஒலிபெருக்கி, ஐப்பசியில் தீபாவளி. பட்டாசுக்குத் தமிழ்நாடு அரசு காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று சில ஆண்டுகளாக நேரம் ஒதுக்கி வருகிறது. தெரு அந்தக் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

நான்கு வாரம் முன்பே தொடங்குங்கள். செல்பேசியில் வெடிச் சத்தத்தையோ மேளத்தையோ காதில் விழுந்தும் விழாத அளவில் 5 நிமிடம் ஓடவிட்டு, அந்த நேரம் முழுக்க வேகவைத்த கோழித் துண்டுகளைக் கொடுங்கள். நாளுக்கு இரண்டு முறை. தின்னும் வரை மூன்று நாளைக்கு ஒரு புள்ளி சத்தம் கூட்டுங்கள். தின்பதை நிறுத்தினால் ஒலி அதிகமாகிவிட்டது, முந்தைய அளவுக்கு இறங்குங்கள். அவசரப்பட்டு ஏற்றியவர்கள்தான் "இது வேலைக்காகல" என்று சொல்வார்கள்.

திருவிழா அன்று ஜன்னல் குறைந்த அறை, கட்டிலுக்கு அடியில் பழைய போர்வை, ஓடும் மின்விசிறி, மூடிய கதவு. சாப்பாட்டையும் நடையையும் சத்தம் தொடங்கும் முன் முடித்துவிடுங்கள். கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் இருக்கட்டும், நாய் தொலைவது பெரும்பாலும் இந்த நாள்களில்தான். நடுங்கும் நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்பது தவறான எண்ணம். அது உங்களைத் தேடி வந்தால் பக்கத்தில் உட்காருங்கள், ஒளிந்திருந்தால் இழுக்காதீர்கள். ஆண்டுதோறும் கதவைப் பிறாண்டி ரத்தம் வர வைக்கும் நாய்க்கு இதெல்லாம் போதாது. பயத்தையே குறைக்கும் மருந்தை மருத்துவர் எடைக்கேற்பத் தருவார். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். வெறும் மயக்க மருந்தைக் கேட்டு வாங்காதீர்கள், சிலவகை மயக்க மருந்துகள் உடம்பை மட்டும் கட்டிப்போட்டுவிட்டுப் பயத்தை அப்படியே விட்டுவிடும்.

பெண் நாய்க்குப் பருவம் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து மூன்று வாரம் இருக்கும். ஒட்டிக்கொள்வதும் சிடுசிடுப்பதும் இயல்பு. முடிந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் பொம்மையைக் குட்டியாகப் பாவித்து மூலையில் காத்துக்கொண்டிருந்தால் பொய்ச் சினை, பெரும்பாலும் தானாக அடங்கும். ஆனால் அதே காலத்தில் சோர்வு, மிதமிஞ்சிய தாகம், பிறப்புறுப்பில் கசிவு என்றால் கருப்பைச் சீழாக இருக்கலாம். அறுவை செய்ய வேண்டிய அவசரம் அது.

ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை சொன்ன பேச்சைக் கேட்காமல் திரிவது வளர்பருவம். பொறுத்துக்கொண்டு பயிற்சியைத் தொடருங்கள். பத்து வயதுக்கு மேல் இரவில் நடமாடி, பகலில் தூங்கி, சுவர் மூலையில் வழி தெரியாமல் நின்றால் மூளை முதுமை. இரவு விளக்கு ஒன்று எரியட்டும், பாத்திரங்களின் இடத்தை மாற்றாதீர்கள்.

5. சலிப்பும் தனிமையும்

சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் ஓடப் பிறந்தவை. ஆறடிச் சங்கிலியில் நாளெல்லாம் கட்டிப்போட்டுவிட்டு "குணம் கெட்டுப்போச்சு" என்பது அநியாயம். குறுகிய சங்கிலியில் நீண்ட நேரம் கட்டுவதை 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமே குற்றம் என்கிறது. வேலி போட்ட தோட்டமோ தோப்போ இருந்தால் அவிழ்த்து விடுங்கள். முயல் விரட்ட விடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிவிடும். இடமில்லாதவர்கள் நடையில் 20 நிமிடத்தை முகர்வதற்கென்றே கொடுங்கள்: பத்தடிக் கயிறு, இழுக்காமல், அது நிற்கும் இடத்தில் நின்று.

தனியாக இருக்கும்போது மட்டும் ஊளை, கதவுக் கடி, சிறுநீர் என்றால் பழிவாங்கல் இல்லை, பதட்டம். பழைய செல்பேசியில் படம்பிடித்துப் பாருங்கள். நீங்கள் கிளம்பி அரை மணிக்குள் தொடங்கினால் பெரும்பாலும் அதுதான். 10 விநாடி வெளியே போய்த் திரும்புவதில் தொடங்கி, நாய் அமைதியாக இருக்கும் அளவுக்கு மட்டும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

மே விடுமுறைக்கு வரும் சொந்தக்காரப் பிள்ளைகள் இன்னொரு காரணம். பெரியப்பா வீட்டு நாய் அவர்களுக்குப் பொம்மை. தூங்கும்போதும் தின்னும்போதும் தொடக்கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நாய்க்கு யாரும் போகாத ஓர் இடமும் இருக்கட்டும்.

6. வெறிநோய்: இங்கே சோதனை வேண்டாம்

சாதுவான நாய் திடீரென்று மூர்க்கமாவது, முரட்டு நாய் திடீரென்று ஒட்டிக்கொள்வது, இருட்டில் ஒளிவது, மண்ணையும் கட்டையையும் தின்பது, குரைப்பின் குரல் மாறுவது, தாடை தொங்கி எச்சில் ஒழுகுவது, பின்கால் தள்ளாடுவது: இவை தெரிந்தால் மேலே சொன்ன பத்து நிமிடச் சோதனை எதையும் செய்யாதீர்கள். "தொண்டையில எலும்பு சிக்கியிருக்கு" என்று வாய்க்குள் கைவிடுவது மிகப் பெரிய ஆபத்து. அறையில் அடைத்து, மருத்துவரை அழையுங்கள். தடுப்பூசி சரியாகப் போடாத நாயென்றால், தெருநாய் கடித்திருந்தால் சந்தேகம் இரட்டிப்பு.

கடியோ கீறலோ பட்டால், காயத்தில் எச்சில் பட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலினுள் போடும் ஊசி 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 ஆகிய நாள்களில் வரும்; ஆழமான கடிக்குக் காயத்திலேயே போடும் மருந்தும் உண்டு. அறிகுறி வந்தபின் காப்பாற்ற வழியில்லை என்பதால் நடுவில் ஒரு நாளையும் தவறவிடக் கூடாது. நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, பிறகு ஆண்டுதோறும்.

7. மருத்துவரிடம் போகும்போது

மேசை மேல் ஏறியதும் பாதி நாய்கள் நொண்டுவதை மறந்து நேராக நிற்கும். ஆகவே வீட்டில் எடுத்த வீடியோ கொண்டு போங்கள்: எழுந்திருக்கும்போது 30 விநாடி, நடக்கும்போது பக்கவாட்டிலிருந்து 30 விநாடி, உறுமும் தருணம் தற்செயலாகக் கிடைத்தால் அதுவும். உறுமலைப் படம்பிடிப்பதற்காகச் சீண்டாதீர்கள். காலண்டர் தாள்கள், தடுப்பூசி அட்டை, கடைசியாகக் குடற்புழு மருந்தும் உண்ணி மருந்தும் கொடுத்த தேதி, புதிதாக மலம் கழித்திருந்தால் மூடியுள்ள டப்பாவில் சிறிது.

வலியுள்ள நாய் வளர்த்தவரையும் கடிக்கும். மூச்சிரைப்போ வாந்தியோ இல்லையென்றால் வாய்க்கூடு மாட்டுங்கள், மாட்டப் பழக்குவதை நலமாக இருக்கும் நாளிலேயே செய்துவிடுங்கள். மே மாதத்தில் அவசரமில்லாத பயணமென்றால் காலை 8-க்கு முன் கிளம்புங்கள். ஆட்டோவின் தரைத் தகடு சூடேறியிருக்கும், கீழே சணல் சாக்கு விரித்து அதன்மேல் படுக்க வையுங்கள்.